கடல்ல நீந்த எந்த வாட்ச் தாங்கும்? ஐபி68, கேசியோ, ஆப்பிள், கார்மின் ஒரு ஒப்பீடு

சென்னை ஈசிஆர் (ஈஸ்ட் கோஸ்ட் ரோடு) பக்கம் ஞாயித்துக்கிழமை விடிகாலைல கடல்ல நீந்துற ஒரு சின்ன கூட்டத்துல நானும் இருக்கேன், நாலு வருஷம் ஆச்சு. புதுசா வர்றவங்க தண்ணில கால் வைக்கிறதுக்கு முன்னாடி கைய நீட்டி கேக்குற மொத கேள்வி, "அண்ணா, இந்த வாட்ச் கடலுக்கு தாங்குமா?" திருப்பி பாத்தா சிலதுல 5 ஏடிஎம்னு இருக்கும், சிலதுல ஐபி68னு இருக்கும், சிலதுல வெறும் வாட்டர் ரெசிஸ்ட்னு மட்டும் போட்டிருக்கும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிட்டு இருக்கேன், அதனால இங்க மொத்தமா எழுதிடறேன்.

மொதல்ல அந்த நம்பர் விஷயத்த முடிச்சிடலாம். 5 ஏடிஎம்னா 50 மீட்டர் ஆழத்துல இருக்கிற அழுத்தத்த, வாட்ச் அசையாம இருக்கும்போது தாங்கும்னு அர்த்தம். நாம நீந்துறது மேல்மட்டத்துல, கை கீழ போறது அரை மீட்டர், மிஞ்சிப் போனா முக்கால் மீட்டர். கை வேகமா தண்ணிய அடிக்கும்போது அழுத்தம் பல மடங்கு ஏறிடும், அதனால 50 மீட்டர் பத்தாதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, ஆனா கணக்கு போட்டு பாத்தா கை செகண்டுக்கு 3 மீட்டர் வேகத்துல போனாலும் கூடுதலா வர்ற அழுத்தம் சுமாரா அரை மீட்டர் ஆழத்துக்குத்தான் சமம். அதனால சும்மா நீந்துறதுக்கு 5 ஏடிஎம் தாராளமா போதும். கடல்ல வாட்ச் சாகறதுக்கு காரணம் ஆழம் இல்ல, உப்பு. ஒரு லிட்டர் கடல் தண்ணில சுமார் 35 கிராம் உப்பு இருக்கு, அது பட்டன் இடுக்குல காஞ்சு பொடிப்பொடியா ஒட்டிக்கும், அடுத்த தடவ பட்டன அழுத்தும்போது உள்ள இருக்கிற ரப்பர் ரிங்க அராவும். சார்ஜ் பண்ற பின் வெளிய தெரியிற மாதிரி இருந்தா அத அரிக்கும், ஏன்னா உப்புத்தண்ணி கரண்ட்ட நல்லா கடத்தும். டச் ஸ்கிரீனும் குழம்பும். இத மனசுல வச்சுத்தான் வாட்ச் பாக்கணும்.

ஐபி68 வாட்ச், அதாவது ரெண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு கிடைக்கிற ஸ்மார்ட்வாட்ச். இதுல எனக்கு சந்தேகமே இல்ல, கடலுக்கு வேண்டாம். ஐபி67னா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம், ஐபி68னா அதுக்கு மேல கம்பெனி சொல்ற ஆழம், பெரும்பாலும் 1.5 மீட்டர். அந்த டெஸ்ட் நடக்கிறது நல்ல தண்ணில, வாட்ச சும்மா முக்கி வச்சு. நீந்துறது, உப்பு, அலை எதுவும் அதுல கிடையாது. நான் மொத மொத வாங்கினது இந்த மாதிரி ஒண்ணுதான், பெட்டி மேல நீச்சல் அடிக்கிற ஆள் படமே போட்டிருந்தான், மூணாவது ஞாயித்துக்கிழமை கண்ணாடிக்குள்ள ஆவி படிஞ்சுது, சாயங்காலம் ஸ்கிரீன் செத்துப் போச்சு. சர்வீஸ் சென்டர்ல உள்ள தண்ணி போயிருக்கு, வாரண்டி கிடையாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. காசு போனத விட, பெட்டில அந்த படத்த போட்டது தப்புன்னு இன்னிக்கும் நினைக்கிறேன்.

அடுத்து கேசியோ. இதுலயே ரெண்டு ஜாதி இருக்கு. எல்லார் வீட்லயும் இருக்குமே அந்த எஃப்-91டபிள்யூ, அதுல வாட்டர் ரெசிஸ்ட்னு மட்டும்தான் இருக்கும், மீட்டர் கணக்கே இருக்காது, அது மழைக்கும் கை கழுவுறதுக்கும். ஜி-ஷாக் வேற விஷயம், 200 மீட்டர். 1983ல இருந்து வருது, பத்து மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தாலும், 10 பார் (அதாவது 100 மீட்டர் ஆழத்து) அழுத்தத்துலயும், பேட்டரி பத்து வருஷமும் நிக்கணும்னு வச்சு டிசைன் பண்ணினது. சார்ஜ் பின் கிடையாது, டச் கிடையாது, ஸ்பீக்கர் ஓட்டை கிடையாது, பட்டையும் ரெசின்ங்கிற பிளாஸ்டிக், உப்பு நுழையறதுக்கு வழியே ரொம்ப கம்மி. டிடபிள்யூ-5600 மாதிரி சாதா மாடல் போதும், டைமும் ஸ்டாப்வாட்ச்சும் மட்டும் தேவைன்னா இத விட நிம்மதியான வாட்ச் எனக்கு தெரியல. ஒரே ஒரு எச்சரிக்கை, பேட்டரி மாத்தும்போது. தெருமுனை கடைல பின்மூடிய கழட்டி பேட்டரி போட்டு, பழைய ரப்பர் ரிங்கையே கோணலா வச்சு மூடிடுவாங்க, அன்னியோட அந்த 200 மீட்டர் போச்சு. ரிங்க புதுசா போட்டு, அழுத்த டெஸ்ட்டும் பண்ணி குடுக்கிற எடத்துல மட்டும் குடுங்க. தண்ணிக்குள்ள இருக்கும்போது ஜி-ஷாக் பட்டன அழுத்தவும் வேண்டாம்.

எவ்வளவு தூரம் போனோம், எந்த வழியா போனோம், நீரோட்டம் எவ்வளவு தள்ளிச்சுன்னு பாக்கணும்னா ஜிபிஎஸ் வாட்ச்தான் வேணும், இங்கதான் ஆப்பிளா கார்மினான்னு சண்டை ஆரம்பிக்குது.

ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 2லேர்ந்து, அதாவது 2016லேர்ந்து, 50 மீட்டர், கடல்ல நீந்தலாம்னு ஆப்பிளே சொல்லுது, ஆனா வாட்டர் ஸ்கீயிங் மாதிரி வேகமா தண்ணி அடிக்கிற விளையாட்டும் ஸ்கூபாவும் கூடாதுன்னும் சொல்லுது. ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 100 மீட்டர், 40 மீட்டர் வரைக்கும் டைவிங்கும் போகலாம், கேஸ் டைட்டானியம், கடல் தண்ணி அத ஒண்ணும் பண்ணாது. ஆப்பிள்ல எனக்கு ரொம்ப பிடிச்சது சார்ஜிங்தான், வயர்லெஸ், பின்னாடி வழவழன்னு இருக்கும், அரிக்கிறதுக்கு சார்ஜிங் பின் எதுவும் இல்ல (சாம்சங் கேலக்ஸி வாட்ச்லயும் இப்படித்தான்). நீச்சல் வொர்க்அவுட்ட ஆரம்பிச்சதும் டச்ச தானா பூட்டிடும், வெளிய வந்து பூட்ட எடுத்தா ஸ்பீக்கர் ஒரு சத்தம் குடுத்து உள்ள தேங்கின தண்ணிய தள்ளிடும். ஆனா நடுக்கடல்ல ஈரக்கையோட ஏதாவது மாத்தணும்னா சாதா சீரிஸ்ல கஷ்டம், அல்ட்ரால தனி பட்டன் இருக்கிறதால பரவாயில்ல. சாதா மாடலுக்கு பேட்டரி சீரிஸ் 10 வரைக்கும் 18 மணி நேரம், சீரிஸ் 11ல 24 மணி நேரம்னு கம்பெனி கணக்கு, தினமும் சார்ஜ் போட்டாகணும்.

கார்மின்ல ஃபோர்ரன்னர் வரிசை 5 ஏடிஎம், ஃபீனிக்ஸும் இன்ஸ்டிங்க்ட்டும் 10 ஏடிஎம். வாங்கறதுக்கு முன்னாடி ஓபன் வாட்டர் மோட் (குளத்துக்கு வெளிய, கடல்ல நீந்துறத ஜிபிஎஸ் வச்சு அளக்கிறது) இருக்கான்னு பாருங்க, ஃபோர்ரன்னர் 55ல நீச்சல் குளம் மட்டும்தான், 165, 255, 265ல கடலுக்கும் உண்டு. விலை வித்தியாசத்த பாத்து 55 வாங்கிட்டு அப்புறம் வருத்தப்பட்டவங்கள பாத்திருக்கேன். ஃபோர்ரன்னர்ல அஞ்சு பட்டன் இருக்கு, கண்ணுக்குள்ள உப்புத்தண்ணி போய் ஒண்ணுமே தெரியலன்னாலும் விரல்லயே தடவி ஸ்டார்ட் ஸ்டாப் பண்ணிடலாம், இது கடல்ல எவ்வளவு பெரிய விஷயம்னு நீந்தி பாத்தாத்தான் புரியும். பேட்டரியும் நாள் கணக்குல நிக்கும். பலவீனம் எதுன்னா பின்னாடி இருக்கிற அந்த நாலு சார்ஜிங் பின். வேர்வையோ உப்போ அதுல ஈரமா இருக்கும்போது சார்ஜர சொருகினா கரண்ட் பாஞ்சு பின் பச்சை பூத்து போயிடும். நல்லா கழுவி, காய வச்சு, அப்புறம்தான் சொருகணும். உயரத்த அளக்கிற மாடல்ல காத்தழுத்த சென்சாருக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல உப்பு அடைச்சா மலையேறும்போது உயரம் தப்பா காட்டும்.

அமேஸ்ஃபிட் டி-ரெக்ஸ் 2ம் 3ம் 10 ஏடிஎம், கடல் மோடும் உண்டு, விலை கம்மி, பட்ஜெட் இடிச்சா இது நல்ல நடுவழி.

எந்த பிராண்டா இருந்தாலும் ஜிபிஎஸ் சிக்னல் தண்ணிய தாண்டாது, கை வெளிய வர்ற அந்த ஒரு நொடில கிடைக்கிற புள்ளிகள வச்சுத்தான் கோடு போடும். ஃப்ரீஸ்டைல்ல பரவாயில்ல, பிரெஸ்ட்ஸ்ட்ரோக்ல கை முழுக்க உள்ளயே இருக்கும், தூரம் கன்னாபின்னான்னு வரும். அப்படி நீந்துறவங்க வாட்ச நீச்சல் தொப்பிக்குள்ள, தலைக்கு பின்னாடி வச்சுக்கலாம், இல்லன்னா இடுப்புல கட்டி இழுத்துட்டு போற ஆரஞ்சு மிதவைல மாட்டிக்கலாம் (அந்த மிதவை வாட்ச விட முக்கியம், அது இல்லாம எங்க கூட்டத்துல யாரையும் உள்ள விடமாட்டோம்). மணல்ல நிக்கும்போதே சிக்னல் பிடிக்க விடுங்க, அலைக்குள்ள போயிட்டு தேடினா கிடைக்காது.

இன்னொண்ணு, எங்க கூட்டத்துல தண்ணி புகுந்து கெட்ட வாட்ச விட அலைல கழண்டு போன வாட்ச்தான் அதிகம். சென்னை கரைல அலை சரிவா வந்து ஒரே அடியா மடங்கி உடையும், வெளிய வரும்போது கைய சுழட்டி அடிச்சா பட்டைய பிடிச்சிருக்கிற அந்த சின்ன பின்தான் மொதல்ல போகும். அது உப்புல அரிச்சு உள்ளயே மெலிஞ்சிருக்கலாம், வெளிய பாத்தா தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்க, வாட்ச் கடைல ரொம்ப கம்மி காசுதான். காந்தத்துல ஒட்டுற பட்டையும் தோல் பட்டையும் வீட்லயே இருக்கட்டும், துளைல கொக்கி மாட்டுற ரப்பர் பட்டைதான் கடலுக்கு.

கழுவறதும் ஒரு வேலையாவே செய்யணும். கரைக்கு வந்த அரை மணிக்குள்ள நல்ல தண்ணில. ஈசிஆர் பக்கம் சில வீட்டு போர் தண்ணியே உப்பு கரிக்கும், அதுல கழுவி ஒரு பிரயோஜனமும் இல்ல, நான் ஒரு லிட்டர் பாட்டில்ல குடிக்கிற தண்ணி கொண்டு போயிடுவேன். சோப்பு வேண்டாம், வெந்நீர் ஷவரும் வேண்டாம், சூட்டுலயும் சோப்புலயும் ரப்பர் ரிங் சீக்கிரம் கெடும். சன்ஸ்கிரீனும் அப்படித்தான், தடவிட்டு கைய துடைச்சுட்டு அப்புறம் வாட்ச் கட்டுங்க.

இப்ப என் கைல இருக்கிறது பட்டன் வச்ச 5 ஏடிஎம் ஜிபிஎஸ் வாட்ச், ரெண்டரை வருஷமா ஒரு பிரச்சனையும் இல்ல. ஐஃபோன் வச்சிருக்கீங்க, கைல காசு இருக்குன்னா அல்ட்ரா. டைம் மட்டும் போதும்னா ஜி-ஷாக். வீட்ல ஐபி68 தான் இருக்குன்னா அத கரைல பைக்குள்ள வச்சிட்டு வாங்க, பக்கத்துல நீந்துறவங்ககிட்ட டைம் கேட்டுக்கலாம்.