நாட்டு முட்டைக்கு எந்த பிளாஸ்டிக் பாக்ஸ்? வேலூரில் வாங்கிப் பார்த்ததில் தெரிந்தது

வேலூர் லாங் பஜார் பக்கம் பேக்கிங் சாமான் விற்கிற கடைகளில் இப்போது முட்டைக்கென்றே நாலைந்து வகை பிளாஸ்டிக் பாக்ஸ் கிடைக்கிறது. பத்து முட்டை பாக்ஸ், ஆறு முட்டை பாக்ஸ், காடை முட்டைக்குச் சின்னக் குழி வைத்தது, அப்புறம் முப்பது முட்டை பிடிக்கிற கெட்டி டிரே. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களில் வீட்டோடு கோழி வளர்க்கிறவர்களிடம் நாட்டு முட்டை எடுத்து வந்து வேலூரில் வீடு வீடாகக் கொடுப்பது என் தொழில். அதனால் இதையெல்லாம் வாங்கி, வண்டியில் ஏற்றி, கீழே போட்டு, கழுவி, எல்லாம் பார்த்தாகிவிட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டு முட்டை விற்கிறவர்கள் கடையில் சாதாரணமாகக் கொடுக்கிற அந்தப் பத்து முட்டை பாக்ஸை வாங்காதீர்கள். ஆறு முட்டை பாக்ஸில் ஒரு வகை நன்றாக இருக்கிறது, அதைத் தேடி வாங்குங்கள். கடையில் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதாண்ணே, எல்லாரும் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க" என்பார்கள். ஒன்று இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பத்து முட்டை பாக்ஸ் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஐந்தைந்தாக இரண்டு வரிசை, மூடி அதே ஷீட்டிலேயே மடிந்து வருகிறது, முன்பக்கம் இரண்டு இடத்தில் அமுக்கினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும் லாக், முட்டையின் பழுப்பு நிறம் வெளியிலிருந்தே தெரியும். பாக்ஸ் ஒன்று ஐந்தாறு ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. பிரச்சினை குழியின் அளவில். அது பண்ணை வெள்ளை முட்டைக்காகப் போட்ட டை, அதாவது பாக்ஸ் வடிவம் எடுக்கிற அச்சு. அக்மார்க் தரப்பிரிப்பில் 53 முதல் 59 கிராம் வரை பெரிய முட்டை, 45 முதல் 52 வரை நடுத்தரம், 38 முதல் 44 வரை சிறியது. நாமக்கல்லிலிருந்து வருகிற முட்டை பெரும்பாலும் ஐம்பதைத் தொட்டுவிடும். நம் ஊர்க் கோழி இடுவது நாற்பது கிராமை ஒட்டித்தான் நிற்கும், முதல் ஈடு வைக்கிற விடைக்கோழியின் முட்டை என்றால் அதுவும் இருக்காது. பாக்ஸில் நாட்டு முட்டையை வைத்து மூடி, காதுக்குப் பக்கத்தில் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். வெள்ளை முட்டை சத்தம் போடாது. நாட்டு முட்டை கடகடவென்று ஆடும். அந்தச் சத்தம் வந்தால் அந்த பாக்ஸ் உங்களுக்கு வேண்டாம்.

ஆடினால் என்ன என்று கேட்கலாம். முட்டையின் இரண்டு முனைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமுக்கினால் லேசில் உடையாது. அதே முட்டையைக் கிண்ணத்து விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஓடு மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், அதிலும் பெரும்பகுதி சுண்ணாம்பு. பாரம் பரவலாக விழுந்தால் அந்த வளைவு தாங்கிக்கொள்ளும், ஒரே புள்ளியில் பட்டால் தாங்காது. அப்படியானால் பாக்ஸ் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, எந்த அடியையும் ஒரு புள்ளியில் விழ விடாமல் பார்த்துக்கொள்வது. ஒழுங்காக வடிவமைத்த குழியில் முட்டை அடியில் உட்கார்ந்திருக்காது. வயிற்றுப் பகுதிக்குக் கொஞ்சம் கீழே சுற்றிலும் சுவர் பிடித்துக்கொள்ள, முட்டை தொங்கியபடி நிற்கும், கூர்முனைக்கும் குழியின் அடிக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். வண்டி குலுங்கும்போது சுவர் கொஞ்சம் வளைந்து கொடுத்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். முட்டை சின்னதாக இருந்தால் சுவர் அதைப் பிடிக்காது. நழுவி அடியில் போய் நின்றுவிடும், ஒவ்வொரு வேகத்தடைக்கும் கூர்முனை நேராகத் தரையில் இடிபடும்.

பெரிய முனை மேலே, கூர்முனை கீழே என்று வைப்பதை மாற்றவும் முடியாது. காற்றறை பெரிய முனையில்தான் இருக்கிறது, அது மேலே இருந்தால்தான் மஞ்சள் கரு நடுவில் நிற்கும், முட்டையும் நாள்பட இருக்கும்.

இந்த பாக்ஸ்களைச் செய்யும் முறையிலேயே இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. ஷீட்டைச் சூடாக்கி டையின் மேல் போட்டு, காற்றை உறிஞ்சி உள்ளே இழுக்கிறார்கள். எவ்வளவு ஆழமாக இழுக்கிறார்களோ அந்த அளவுக்கு அந்த இடத்தில் ஷீட் மெலிந்துவிடும். ஆக, மூடி கெட்டியாகவும் குழியின் அடி மெல்லிசாகவும் வருவது சகஜம், முட்டை இடிபடுகிற இடமும் அதுதான். கடையில் மூடியைத் தட்டிப் பார்த்து நல்ல கேஜ், நல்ல தடிமன் என்று எடுத்துவிடாதீர்கள். பாக்ஸைத் திருப்பி, குழியின் அடியைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குங்கள். விரலை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். உள்ளே போன குழிவு அப்படியே நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். மூலைக் குழிகளை அவசியம் பாருங்கள், அங்கேதான் இன்னும் மெலிந்திருக்கும்.

ஒடுகத்தூரிலிருந்து அணைக்கட்டு வழியாக வேலூர் வந்து சேர்வதற்குள் எத்தனை வேகத்தடை என்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். டிவிஎஸ் எக்ஸ்எல் முன்னால் பால் கிரேட் கட்டி, அதில் இந்தப் பத்து முட்டை பாக்ஸை அடுக்கி வந்து இறக்கினால், வெளியில் பார்க்க ஒரு முட்டையும் உடைந்திருக்காது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கூர்முனையிலிருந்து மூன்று நான்கு பக்கமாக முடி கனத்தில் கீறல் ஓடியிருக்கும். உள்ளே சவ்வு கிழியாததால் ஒழுகாது, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கும் படாது. வாங்கினவர் வேகவைக்கும்போது வெடித்து வெள்ளைக்கரு தண்ணீரில் மிதக்கும். காந்தி நகரில் ஒரு அம்மா கேட்டார்: "என்னப்பா, நாட்டு முட்டைன்னு சொல்லிக் குடுக்கற, போட்டா எல்லாம் வெடிக்குது, பழசா?" முட்டை அதற்கு முந்தின நாள் இட்டது. ஆனால் அவரிடம் குழியின் அளவைப் பற்றியா பேசிக்கொண்டிருக்க முடியும்? மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உடைந்த முட்டைக்கு யார் பொறுப்பு என்கிற சண்டை பழையது. முட்டைக்குத் தனித்தனிக் குழி வைத்த பெட்டியே அப்படி ஒரு சண்டையிலிருந்து பிறந்ததாகத்தான் சொல்கிறார்கள். கனடாவில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த ஜோசப் கோய்ல், முட்டை கொண்டுவந்து கொடுக்கிற விவசாயிக்கும் வாங்குகிற ஹோட்டல்காரருக்கும் நடந்த தகராறைப் பார்த்துவிட்டு 1911-இல் காகிதத்தில் அதைச் செய்தார். அன்றைக்கு அவர் பிடித்த விஷயம் ஒன்றுதான், ஒரு முட்டை இன்னொரு முட்டை மேல் படக்கூடாது. இன்றைக்கு பிளாஸ்டிக்கில் அதையே செய்கிறவர்கள் அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் எப்படி?

சரி, நன்றாக இருக்கிற ஆறு முட்டை பாக்ஸுக்கு வருகிறேன். எல்லா ஆறு முட்டை பாக்ஸும் நல்லது என்று சொல்லவில்லை. நான் சொல்கிறதில் குழிச் சுவர் வழுவழுவென்று இருக்காது, மேலிருந்து கீழாக வரிவரியாக மடிப்பு ஓடும். அந்த மடிப்புகள் உள்பக்கம் துருத்திக்கொண்டு வருவதால் 42 கிராம் முட்டையையும் பிடிக்கிறது, 52 கிராம் முட்டையை வைத்தால் வளைந்து இடம் கொடுக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும், முட்டையை வைத்ததும் அது கொஞ்சம் கீழே இறங்கி, பாதியில் பிடிபட்டு நிற்கும். கீழே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கூர்முனைக்கு அடியில் விரல் நுனி அளவு இடைவெளி.

அடுத்தது நடுத்தூண். நான்கு குழிகள் கூடுகிற இடத்தில் அடிப்பகுதியிலிருந்து ஒரு கூம்பு எழும்பி மூடியைத் தொடுகிறது. மேலே பாக்ஸ் அடுக்கினால் பாரத்தைத் தாங்குவது அந்தத் தூண், முட்டை இல்லை. பத்து முட்டை பாக்ஸிலும் கூம்பு இருக்கிறது, ஆனால் உயரம் போதவில்லை, மூடி தொய்ந்து பெரிய முட்டையின் தலையில் உட்காருகிறது. கடையிலேயே இதைப் பார்க்கலாம். காலி பாக்ஸை மூடி, மேலே ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் வைத்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மூடி நடுவில் இறங்கினால் அதை அடுக்க முடியாது. நான் வாங்கும் கடைக்காரர் இப்படிச் சோதிக்க விடுகிறார், பண்டிலைப் பிரித்துக் காட்டுகிறார். வேறொரு கடையில் பிரிக்கவே மாட்டேன் என்றார்கள், நூறாக எடுத்தால்தான் என்றார்கள். முட்டை பாக்ஸைத் தொட்டுப் பார்க்காமல் நூறு வாங்குவது எந்த விதத்திலும் சரியில்லை.

லாக் நன்றாக இருக்கிறது, வயதானவர்களும் திறக்கிறார்கள். இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டால் அடிப்பக்கமாக விழும்போது முட்டைகள் பிழைக்கின்றன, மூலையாக விழுந்தால் அந்த மூலை முட்டை போகிறது. அதற்கு மேல் இந்த விலையில் எதிர்பார்க்க முடியாது.

குறை என்று பார்த்தால் காற்றோட்டம். மூடியில் துளைகள் கொஞ்சமாகத்தான் வைத்திருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஃபிரிட்ஜில் இருந்த முட்டையை எடுத்து வெளியே வைத்தால் ஓட்டின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும், மூடின பாக்ஸுக்குள் அது காயாது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன, ஈரத்தோடு அழுக்கும் கிருமியும் உள்ளே போக அது போதும். அட்டை என்றால் அந்த ஈரத்தைக் குடித்துவிடும், பிளாஸ்டிக் குடிக்காது. அதனால் ஃபிரிட்ஜில் வைக்காத முட்டையை மட்டுமே இதில் போடுகிறேன், கழுவின முட்டையைப் போடுவதில்லை. வாங்குகிறவர்களும் ஃபிரிட்ஜில் வைப்பதென்றால் ஒரேயடியாக வைத்துவிடுங்கள், எடுத்து எடுத்து வெளியே வைக்காதீர்கள்.

முப்பது முட்டை டிரே கிராமத்திலிருந்து எடுத்து வர மட்டும் சரி. காகித அட்டைக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும், குலுக்கலை வாங்கிக்கொள்வதில் அது இந்தக் கெட்டி டிரேயைவிட மேல். ஆனால் பண்ணையிலிருந்து பண்ணைக்குச் சுற்றின பழைய அட்டையை அடுத்தவர் கோழிக்கொட்டகைக்குள் கொண்டுபோவது ஆபத்து. எச்சமும் உடைந்த முட்டையும் ஊறின அட்டையைக் கழுவ முடியாது, நோய் அதிலேயே போய்ச் சேரும். பிளாஸ்டிக் டிரேயை சோப்புத் தண்ணீரில் தேய்த்து, கிருமிநாசினியில் முக்கி, வெயிலில் காயவைத்தால் வேலை முடிந்தது. மழைக்காலத்தில் அட்டை ஊறித் தளர்ந்துபோகிற தொல்லையும் இதில் இல்லை.

காடை முட்டை பாக்ஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பத்துப் பன்னிரண்டு கிராம் முட்டைக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

முட்டை தவிர மற்றவற்றுக்கும் இதே கடைகளில் பாக்ஸ் எடுக்கிறார்கள். ஆற்காடு மக்கன் பேடாவை வெளியூருக்குக் கொண்டுபோகிறவர்கள் படும் பாடு தெரிந்ததே. பாகில் ஊறின பேடா, மேலே ஒன்று விழுந்தால் நசுங்கும், மூடி சரியில்லையென்றால் பாகு பை முழுக்க ஓடும். அதற்கு முட்டை பாக்ஸ் மாதிரி மடிப்பு மூடி உதவாது, சுற்றிலும் விளிம்பு கவ்விப் பிடிக்கிற டப்பா வேண்டும், ஒரே அடுக்காக வைக்க வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதை அழகாக பாக்ஸில் போட்டு விற்கலாம் என்று பேசுகிறார்கள். அந்தக் காம்பு முள் பக்கத்துக் காயையே குத்திக் கறுக்க வைக்கும், அதற்குக் காய்க்குக் காய் தடுப்பு இல்லாமல் பாக்ஸ் போட்டுப் பயனில்லை.

"பிளாஸ்டிக் தடை இல்லையா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் தட்டு, டம்ளர், கேரி பேக், உறிஞ்சுகுழல் போன்ற 14 வகைப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. முட்டை பாக்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காகக் குப்பையில் போடலாம் என்று ஆகிவிடாது. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருந்தால் அது பெட், தண்ணீர் பாட்டில் ரகம், பழைய சாமான்காரர் எடுத்துக்கொள்வார். எண்ணே இல்லாத பாக்ஸை நான் வாங்குவதில்லை. உணவுப் பொருளுக்கான பெட் என்றால் ஐஎஸ் 12252 என்கிற இந்தியத் தர அளவுகோலின்படி செய்ததா என்று மொத்தமாக எடுக்கும்போது கேளுங்கள். காலி பாக்ஸை வாடிக்கையாளர்களிடம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், முக்கால்வாசி திரும்பி வருகிறது, உடைந்த முட்டை ஒழுகினதை மட்டும் திரும்பப் பயன்படுத்துவதில்லை. கழுவும்போது பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் பெட் சுருங்கிக் குழியெல்லாம் கோணிவிடும். லேபிளைப் பசை போட்டு ஒட்டுவதைவிட மூடிக்குள் ஒரு துண்டுச் சீட்டாக வைப்பது மேல், உரித்து எடுக்கிற வேலை இல்லை.

இப்போதைக்கு மடிப்புச் சுவர் வைத்த ஆறு முட்டை பாக்ஸுக்கு எல்லாரும் மாறலாம், விலை முட்டைக்கு முட்டை கணக்குப் பார்த்தால் பத்து முட்டை பாக்ஸைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும், கீறல் முட்டையில் போகிற காசோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் 38 முதல் 44 கிராம் முட்டைக்கென்றே குழி எடுத்து, மூடியில் போதுமான துளை விட்டு, பத்து முட்டை பிடிக்கிற பாக்ஸ் இன்னும் என் கண்ணில் படவில்லை. ராணிப்பேட்டை, காட்பாடி பக்கம் ஷீட் இழுத்து டப்பா செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், டை போடுவதற்கு முன்னால் நாட்டு முட்டைகளை எடைவாரியாகப் பிரித்து நானே கொண்டுவந்து தருகிறேன், வைத்துப் பார்த்து அளவு எடுங்கள். என்னைப் போல அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம் முட்டை எடுக்கிறவர்களும் சேர்ந்து முன்பணம் போடத் தயாராக இருக்கிறோம்.