தெல்லிப்பழை கான்சர் ஆஸ்பத்திரியும் நாங்கள் சேர்க்கிற காசும்

இந்தமுறை கனடாவில இருந்து ஊருக்குப் போனது மாமிக்காக. மார்பில கான்சர், ஒப்பரேசன் முடிஞ்சு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில ரேடியேஷன் போய்க்கொண்டிருந்தது, கூட்டிக்கொண்டு போக ஆளில்லை எண்டு மச்சாள் சொன்னா, அதால நான் நிண்ட நாளெல்லாம் நானே ஓட்டோ பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனனான்.

முந்தி எங்கட பக்கத்தில கான்சர் எண்டா கனபேர் போறது கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற மஹரகம ஆஸ்பத்திரிக்குத்தான். 400 கிலோமீற்றர் பஸ்ஸில, சத்தி எடுத்துக்கொண்டு, பாஷை விளங்காத இடத்தில தங்க வீடும் தேடி. தெல்லிப்பழையில இதைக் கட்டக் காசு சேர்ந்த கதை ரொறன்ரோவில கனபேருக்குத் தெரியாது. 2011 ஜூலையில, சண்டை முடிஞ்சு ரெண்டே வருசத்தில, நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ எண்ட ரெண்டுபேர் முன்னுக்கு நிண்டு தெற்கில தேவேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் 670 கிலோமீற்றரை 27 நாளில நடந்தவை, வழிநெடுக தமிழ், சிங்களம், முஸ்லிம் எண்டில்லாமல் சனம் வந்து சேர்ந்து நடந்தது, 24 இலட்சம் அமெரிக்க டொலர் சேர்ந்தது. 2013இல ஆஸ்பத்திரி திறந்தாச்சு. 2016இல அதே பாதையை மற்றப்பக்கமா, பருத்தித்துறையில இருந்து தெற்குக்கு, காலி கராப்பிட்டியவில கான்சர் ஆஸ்பத்திரி கட்ட நடந்தவை. இதை நினைக்க எனக்கு இப்பவும் நெஞ்சு நிறையும்.

வைத்தியம் இலவசம். செலவு வாசலுக்கு வெளியிலதான் இருக்கு. ரேடியேஷன் எண்டா மேசையில படுக்கிறது சில நிமிசம், அதுக்குக் கிழமைக்கு 5 நாள் வரோணும், அப்பிடிக் கனகிழமை. கதிர் படவேண்டிய இடத்தைக் காட்ட நெஞ்சில போட்டுவிட்ட மார்க் அழிஞ்சிடும் எண்டு மாமி அந்தப் பக்கம் சவுக்காரமே படவிடமாட்டா. வாங்கில பக்கத்தில இருந்த அம்மா முல்லைத்தீவு, கூட வந்த மகன் கூலிவேலை, வாற நாளுக்குச் சம்பளமில்லை. முந்தானை முடிச்சை அவிட்டு பஸ்காசை எண்ணிப்போட்டு "வியாழன் மட்டும் காணும் தம்பி" எண்டா. வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வியள் எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்ல.

கான்சர் ஆராய்ச்சியிலயும் இப்பிடிக் கண்ணுக்குத் தெரியாத செலவு இருக்கு. அம்மாவுக்கு வருத்தம் வந்தநேரம் கனடாவில ஒரு இடத்தில புது மருந்துச் சோதனையில சேரலாமோ எண்டு கேட்டம், படிவம் முழுக்க இங்கிலிஷ், விளங்கப்படுத்த ஆளில்லை, அதோட விட்டாச்சு. எங்கட ஆக்கள் ஆராய்ச்சியில இல்லாட்டி எங்கட வருத்தத்தை ஆர் பாக்கிறது? இலங்கையில ஆம்பிளையளுக்கு ஆகக்கூடுதலா வாற கான்சர் வாய்ப்புற்றுநோய், வெத்திலை பாக்கு புகையிலைதான் பெரிய காரணம். யாழ்ப்பாணத்தில 1978இல இருந்து மருத்துவபீடம் இருக்கு, நோயாளியும் பாஷையும் அங்கயே இருக்கு. தமிழ்ப் படிவத்துக்கும், வீட்டுக்குப் போன நோயாளியை வருசக்கணக்கா விசாரிச்சுப் பதியிற ஆளுக்கும் காசு வேணும்.

கட்டடமெண்டா பெயர்ப்பலகை இருக்கும், காசு வரும். பஸ்காசுக்கும் பதிவு எழுதுறவருக்கும் ஆர் தாறது? ரொறன்ரோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு, அதாவது தமிழுக்கெண்டு ஒரு பேராசிரியர் பதவிக்கு, 30 இலட்சம் டொலர் சேர்த்த ஆக்கள் நாங்கள், ஏலாது எண்டு சொல்லேலாது. எங்கட ஊர்ச்சங்கக் கூட்டத்தில நான் கேக்கப்போறது இதுதான்: வீட்டுக்கு மாசம் 20 டொலர், ஒருதரம் குடுத்துட்டு மறக்கிற காசு வேண்டாம். ரேடியேஷனுக்கு வாறவைக்கும் கூட வாறவைக்கும் பஸ்காசு, மத்தியானச் சாப்பாடு. பதிஞ்ச நலன்புரி அமைப்பு வழியா மட்டும் அனுப்புவம், ஒவ்வொரு மாசமும் ரசீதை எல்லாருக்கும் காட்டுவம். வேற ஊர்ச்சங்கக்காரர் ஆரும் சேருறதெண்டா சொல்லுங்கோ, கணக்குவழக்கு நான் பாக்கிறன்.