குதிரைகளுக்கு முன்னால் பாதை வேண்டும்

ஹட்டனில் படங்களை அச்சிட்டுச் சட்டம் போட்டுத் தரும் கடையொன்றில், அமெரிக்க ஓவியர் தோமஸ் ஈக்கின்ஸ் 1879–80 இல் வரைந்த நாற்குதிரை வண்டி ஓவியத்தின் பிரதியை 6,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பிலடெல்பியாச் செல்வந்தரான ஃபெயர்மன் ரோஜர்ஸ், மனைவியையும் உறவினரையும் மேலே ஏற்றிக்கொண்டு, பூங்காப் பாதையில் தாமே கடிவாளம் பிடித்து வண்டியோட்டும் காட்சி அது.

கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832 இல் தொடங்கிய குதிரைத் தபால் வண்டியின் காலம், 1867 இல் கண்டிக்கு ரயில் வந்ததோடு முடிந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ரயில் ஒழித்த அதே வண்டியைப் பணக்காரர்கள் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டு, சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தும் நான்கு குதிரைகளின் வார்களையும் இடக்கையொன்றில் அடக்கி ஓட்டுவதைப் பெருமையாகக் கருதினார்கள். துரையின் குதிரைக்குப் புல்லறுத்த தாத்தாவின் பேரனான எனக்கு, முதலில் கண்ணில் பட்டவர்கள் பின்னிருக்கையிலுள்ள பணியாட்கள் இருவரும்தான்.

அச்சில் குறையில்லை. சக்கரங்களின் ஆரக்கால்கள் கலங்கியிருப்பதைப் பார்த்து "மை இழுத்துவிட்டது, மச்சான்" என்றார் என் மைத்துனர். அப்படியன்று, ஓவியரே அவ்வாறுதான் வரைந்தார். மைபிரிட்ஜ் 1878 இல் எடுத்த ஓடும் குதிரைகளின் ஒளிப்படங்களைப் பார்த்தும், மெழுகில் குதிரையுருவங்கள் செய்தும் ஒவ்வொரு காலின் நிலையையும் துல்லியமாகப் பிடித்தவர், சக்கரத்தை மட்டும் சுழலவிட்டார். கால்கள் உறைந்து நிற்க, சக்கரம் ஓடுகிறது. இந்த முரண் எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை, ஆனாலும் பார்வை அங்கேயே போகிறது.

குறை சட்டத்தில்தான். மூல ஓவியம் ஏறத்தாழ 2 அடி உயரமும் 3 அடி அகலமும் கொண்டது. ஆகவே 12 அங்குல உயரப் பிரதிக்கு 18 அங்குல அகலம் வேண்டும். கடையிலோ கையிருப்பிலிருந்த 16 அங்குலச் சட்டத்துக்கு ஏற்பப் பக்கத்துக்கு ஓர் அங்குலம் வெட்டிவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. குதிரைகளுக்கு முன்னாலிருந்த பாதை குறுகி, அவை மரச்சட்டத்தில் முட்டப்போவது போலத் தெரிகின்றன. பின்பலகையின் ஓரங்களையும் ஒட்டவில்லை; நம்மூர் மூடுபனிக்கு ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும்.

திருப்பிக் கொண்டுபோனபோது வாதாடாமல் ஏற்றுக்கொண்டு, மேலதிகமாக 1,200 ரூபாய் பெற்று, புதிதாக அச்சிட்டு இரண்டு வாரத்தில் 18 அங்குலச் சட்டத்தில் தந்தார்கள். பின்பலகையை மட்டும் நானே ஒட்டினேன்.