எஸ்டீம் இன்ஜினைத் திறந்தால் எதற்குச் செலவழிப்பது?

1994-இல் அறிமுகமான மாருதி எஸ்டீம், காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இன்னும் பல வீடுகளில் நிற்கிறது. அதன் பிற்கால மாடல்களில் வந்த 1298 சிசி, 16 வால்வு ஜி13பிபி இன்ஜினே ஜிப்சியிலும் 2005-இல் வந்த ஸ்விஃப்டிலும் இருந்ததால், உதிரிபாகத்துக்குப் பெரிதாக அலைய வேண்டியதில்லை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எதுவும் வைக்காமல், வால்வுகள் இருக்கும் ஹெட்டைச் சீர்செய்து, வால்வுகளைத் திறக்கும் கேமை மாற்றி, சுழற்சியை நிமிடத்துக்கு 6000-இலிருந்து 7000 வரை கொண்டுபோக விரும்புகிறவர், அளவான பணத்தில் உள்ளே எதை மாற்ற வேண்டும், எதை அப்படியே விடலாம் என்பதுதான் கேள்வி. வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டுவிட்டால் இன்ஜின் எதையும் தாங்கும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். இந்தத் தேவைக்கு அது பணத்தைத் தவறான இடத்தில் கொட்டுவதாகும் என்பதே என் உறுதியான கருத்து.

பிஸ்டன்களைப் பிரித்துக் காட்டுவது அலுமினியத்தில் கலந்திருக்கும் சிலிக்கானின் அளவு. சாதாரண வார்ப்பு பிஸ்டனில் அது 12 சதவீதத்தை ஒட்டியிருக்கும். சிலிக்கானைக் கூட்டிய ஹைப்பர்யூடெக்டிக் வார்ப்பில் 16 முதல் 18 வரை போகும். ஃபோர்ஜ்டு பிஸ்டன்களில் 4032 என்ற கலவையில் ஏறக்குறைய 12 சதவீதம் உண்டு. 2618-இல் அநேகமாக இல்லை. சிலிக்கான் கூடினால் சூட்டில் விரிவது குறையும், தேய்மானமும் குறையும், ஆனால் உலோகம் நொறுங்கும் தன்மை பெறும். 2618 அடியை வாங்கிக்கொண்டு வளையுமே தவிர எளிதில் உடையாது. அதற்கு விலையாக அதிகம் விரியும். 74 மி.மீ. போரில், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையில், வார்ப்பு பிஸ்டனுக்கு 0.03 முதல் 0.04 மி.மீ. இடைவெளி போதுமென்றால், 4032-க்குச் சுமார் 0.05, 2618-க்கு 0.07 அல்லது அதற்கு மேலும் விட வேண்டியிருக்கும். இன்ஜின் சூடேறும் வரை அந்தப் பிஸ்டன் போருக்குள் தட்டிக்கொண்டே ஓடும். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போவது ஒரு வழிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டம். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து சிறிது நேரத்திலேயே வண்டி நின்றுவிடும். இப்படிப்பட்ட ஓட்டத்தில் 2618 பிஸ்டனின் ஸ்கர்ட் எனும் கீழ்ப்பக்கச் சுவர் தேய்வதும் ஆயில் குடிப்பதும் கூடுமே தவிர, அதன் வலிமை பயன்படப்போவதில்லை.

வார்ப்பு பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள ரிங் லேண்ட் உடைவதற்குப் பெரும்பாலும் நாக்கிங்தான், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவதுதான், காரணம். பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோல் நாக்கிங்கை ஓரளவுக்குத்தான் எதிர்க்கும். செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில் பானெட்டுக்கு அடியிலிருந்து இன்ஜின் இழுக்கும் காற்று வெளிக்காற்றை விடவும் சூடானது. அமுக்க விகிதத்தை 9.5-க்குள் வைத்து, இக்னிஷன் டைமிங்கை அதற்கேற்பக் கட்டுப்படுத்துவதே இதற்குச் சரியான மருந்து. அதைச் செய்கிறவருக்குக் கம்பெனி வார்ப்பு பிஸ்டனோ ஹைப்பர்யூடெக்டிக் பிஸ்டனோ தாராளமாகப் போதும். பிறகு ஒருநாள் டர்போ வைக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் 4032-ஐப் பார்க்கலாம்.

மிச்சமாகும் பணம், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டுக்குப் போக வேண்டும். 6000-இலிருந்து 7000-க்குப் போகும்போது வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது; ஆனால் ராடை இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் 36 சதவீதம் கூடிவிடுகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டன் மேலே வந்து திரும்பும் நொடியில் எதிர்த்து அழுத்த எரிந்த வாயுவும் இருக்காது. பிஸ்டன், பின், ராடின் மேற்பகுதி ஆகியவற்றின் இழுப்பு முழுவதையும் இரண்டே போல்ட்டுகள் தாங்குகின்றன. ஃபோர்ஜ்டு ஹெச்-பீம் ராடுகள் சிறந்தவைதான், ஆனால் டர்போ இல்லாத 7000 சுழற்சிக்கு, விரிசல் சோதனையில் தேறிய கம்பெனி ராடையும் உயர்தரப் புது போல்ட்டுகளையும் நான் தேர்ந்தெடுப்பேன். போல்ட்டை மாற்றினால் ராடின் கீழ்முனையை மூடும் கேப் மயிரிழை அளவு இடம் மாறும். எனவே கேப்பைப் பூட்டி, முறையான டார்க்கில் இறுக்கி, பிக் எண்ட் எனும் அந்தக் கீழ்முனைத் துளை இன்னும் வட்டமாக இருக்கிறதா என்று டயல் போர் கேஜால் மூன்று திசைகளில் அளந்து, தேவையென்றால் மறுபடி ஹோன் செய்து (உராய்கல்லால் தேய்த்து) ஆக வேண்டும். இந்த வேலையைத் தவிர்க்கிற பட்டறையில் ராடைக் கொடுக்க வேண்டாம்.

பிஸ்டனைச் சுற்றிப் போரை அடைக்கும் ரிங் விஷயத்தில் இந்த ஊர்மண்ணே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. மாலிப்டினம் பூசிய ரிங் நுண்துளைகளில் ஆயிலைப் பிடித்துவைத்து விரைவில் போரோடு படிந்துவிடும். வெளிநாட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் இதையே பரிந்துரைக்கின்றன. ஆனால் ஃபில்டரைத் தாண்டி உள்ளே வரும் செம்மண் தூசியைத் தாங்குவதில் கடினக் குரோமியம் பூசிய ரிங் அதைவிட மேலானது. குரோமியம் பூசுவது மின்முலாம் வேலை. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடிக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. குரோமியம் ரிங் படிவதற்கு நாளாகும் என்பதால், ஹோனிங்கின் குறுக்குக் கோடுகள் சீராக அமைய வேண்டும். மேல் ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இந்தப் போருக்கு 0.30 மி.மீ. நல்ல தொடக்கம். ஹைப்பர்யூடெக்டிக் பிஸ்டனென்றால் தயாரிப்பாளர் தாளில் சொல்லியுள்ள கூடுதல் இடைவெளியைக் கட்டாயம் விட வேண்டும்; சூட்டில் ரிங்கின் முனைகள் முட்டிக்கொண்டால் லேண்ட் உடைந்துவிடும்.

கிராங்கைத் தாங்கும் பேரிங் ஷெல்லில் மூன்றடுக்கு உலோக வகை அதிகச் சுமையைத் தாங்கும், ஆனால் அதன் ஈயப் பூச்சு மிக மெல்லியது. செட்டிநாட்டில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வந்து, மற்ற மாதங்களில் வளவுக்குப் பின்னால் நிற்கும் கார்கள் ஏராளம். பழைய ஆயிலில் சேரும் அமிலம் ஈயத்தை அரிக்கும் என்பதால், அப்படிப்பட்ட வண்டிக்கு அலுமினிய இரண்டடுக்கு ஷெல்லே ஏற்றது. வாரந்தோறும் 7000-ஐத் தொடுகிறவர் மூன்றடுக்கு ஷெல்லுக்குப் போகலாம். இரண்டிலும் இடைவெளி, ஷெல்லுக்குள் சுழலும் கிராங்க் ஜர்னலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியிருக்க வேண்டும்.

பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டில், பல அடுக்கு ஸ்டீல் வகை வலிமையானதாயினும், பிளாக்கும் ஹெட்டும் கண்ணாடிபோல் வழவழப்பாக மட்டப்படுத்தப்பட்டால்தான் அடைக்கும். உங்கள் பட்டறையின் சர்ஃபேஸிங் மெஷினால் அந்த நேர்த்தி வராது என்றால், டர்போ இல்லாத இந்த இன்ஜினுக்குச் சாதாரணக் காம்போசிட் கேஸ்கெட்டையே வாங்குங்கள்.