சோளத்துக்கு சென்சார் பாத்து யூரியா போடுறது: பல போகம் யூஸ் பண்ணுன அனுபவம்

பினாங்கு பெருநிலத்துல, நிபோங் திபால் பக்கம் நானும் அண்ணனும் இனிப்புச் சோளம் போடுறோம். கையில புடிக்கிற கிரீன்சீக்கர் சென்சார் வாங்கி பல போகம் ஆச்சு, தெரிஞ்சவங்க அது எப்படின்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் எழுதுறேன்.

இது "இத்தன கிலோ போடு"ன்னு சொல்ற மிஷின் இல்லங்க. செவப்பு லைட்டும் இன்ஃப்ராரெட்டும் செடி மேல அடிச்சு, எவ்ளோ திரும்பி வருதுன்னு பாத்து 0.00லேர்ந்து 0.99 வரைக்கும் ஒரு என்டிவிஐ நம்பர் (செடி எவ்ளோ பச்சையா அடர்த்தியா இருக்குன்னு சொல்ற அளவு) காட்டும், அவ்ளோதான். இலை நல்லா பச்சையா அடர்த்தியா இருந்தா செவப்ப உறிஞ்சிடும், நம்பர் ஏறும். லைட்டு அதுலயே இருக்கறதால மேகமூட்டத்துலயும் வேல செய்யும், நம்ம ஊரு வானத்துக்கு இதுதான் ரொம்ப முக்கியம்.

ஆனா அந்த நம்பர மட்டும் வச்சி ஒன்னும் பண்ண முடியாது. நட்ட கையோட வயல்ல நீளமா ஒரு பட்டை எடத்துக்கு மட்டும் நைட்ரஜன் (யூரியாவுல இருக்கற சத்து) கொறையவே கொறையாத அளவுக்கு யூரியா போட்டு வச்சிடணும், அமெரிக்காவுல ஓக்லஹோமா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க பரப்புன முறை இது. ஆறு எட்டு இலை வந்ததும் செடிக்கு மேல ரெண்டு மூணு அடி ஒயரத்துல சென்சார ஒரே மட்டமா புடிச்சி, ட்ரிக்கர அமுக்கிக்கிட்டே வரிசையோட நடக்கணும், விட்டதும் சராசரி காட்டும். பட்டை நம்பர மத்த எடத்து நம்பரால வகுத்தா ஒன்னுக்குப் பக்கத்துல வந்துச்சுன்னா செடிக்கு மண்ணுலயே போதுமான சத்து இருக்கு, மேலுரம் (செடி வளந்தப்பறம் போடுற உரம்) கொறச்சிக்கலாம், வித்தியாசம் பெருசா இருந்தாதான் மூட்டைய பிரிக்கணும்.

ஒரு போகத்துல மழை கொட்டி கீழ் இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு. அண்ணன் "டேய் தம்பி, யூரியா அடிச்சி விட்டுடுவோம்டா"ன்னாரு. அளந்து பாத்தா வயல்ல 0.52, பட்டையில 0.53. உரம் அள்ளிப் போட்ட எடமும் அதே மஞ்சள்னா பிரச்சன யூரியா இல்ல, வேருல தண்ணி நிக்குது. வாய்க்கால வெட்டி விட்டோம், செடி தெளிஞ்சிடுச்சு. கண்ணால மட்டும் பாத்து யூரியா போட்டிருந்தா மூட்ட மூட்டையா மழைத்தண்ணியிலதான் போயிருக்கும், எனக்கு இந்த ஒன்னுக்காகவே சென்சார் வேணும்.

கொறையும் இருக்கு. புல்லு மண்டிக் கெடந்தா அதையும் சேத்துதான் அளக்கும், களை எடுத்துட்டு அளங்க. ரொம்ப சின்ன செடியில மண்ணுதான் அதிகமா தெரியும், இலை மூடுன பெறகு நம்பர் மேல ஏறாம அப்படியே நின்னுடும், அதனால அளக்கறதுக்கு நாள் கொஞ்சந்தான் கெடைக்கும். கந்தகம் கொறஞ்சாலும் நம்பர் எறங்கும். மஞ்சள் கீழ் இலையில நுனியிலேர்ந்து நடு நரம்பு வழியா 'வி' மாதிரி உள்ள போனா நைட்ரஜன், மேல் இளம் இலை வெளுத்தா கந்தகமான்னு பாக்கணும், இத சென்சார் பிரிச்சி சொல்லாது, நீங்கதான் குனிஞ்சி பாக்கணும்.

வெலை சின்னத் தோட்டத்துக்கு கட்டுப்படியாகறது கஷ்டம். பக்கத்துத் தோட்டக்காரங்க ரெண்டு மூணு பேரோட சேந்து வாங்குங்க, மேலுரம் போடுற சமயம் தவிர அது சும்மாதான் கெடக்கும்.