பழைய இரு கொழு இறக்கைக் கலப்பை: செப்பனிட்ட பின் ஆறு ஆண்டு உழவு

மண்ணை அறுக்கும் இரும்பு முனையான கொழு இரண்டும், அறுத்த மண்ணைப் புரட்டும் இறக்கைப் பலகைகளும் கொண்ட பழைய இறக்கைக் கலப்பை ஒன்றைச் செப்பனிட்டு, ஆறு ஆண்டுகளாக டிராக்டரில் பூட்டி உழுது வருகிறேன். ஒவ்வொரு கொழுவும் 30 செ.மீ. அகலத்துக்குச் சால் எடுக்கும். நான் உழும் ஆழம் பெரும்பாலும் 20 செ.மீ. கைக்கு வந்த புதிதில் அது மண்ணில் இறங்க மறுத்தது. இறங்கினால் ஒரு பக்கமாக இழுத்தது. புரண்ட மண் ஒரு வரிசை மேடாகவும் அடுத்த வரிசை பள்ளமாகவும் கிடந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். அந்தக் குறைகளில் ஏறக்குறைய எல்லாமே தேய்மானத்தாலும் தவறான மட்டத்தாலும் வந்தவை என்பதையும், ஒரு நூல், ஒரு மட்டப்பலகை, ஓர் அளவுநாடா இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிடலாம் என்பதையும் ஒரு பருவம் வீணான பிறகே கற்றுக்கொண்டேன்.

அந்த முதல் பருவத்தில் நான் செய்தது நோய் தெரியாமல் கொடுத்த மருந்து. கலப்பை இறங்கவில்லை என்றதும், கலப்பையின் மேற்பகுதியை டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்க் என்ற திருகுக் கம்பியைச் சுருக்கினேன். மூக்கு குனிந்து கொழு மண்ணைக் கவ்வியது உண்மைதான். ஆனால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, முன் கொழு ஆழமாகவும் பின் கொழு மேலாகவும் ஓடியது. சட்டத்தின் மேல் பாரம் ஏற்றியும் பார்த்தேன். அதனால் டிராக்டர் திணறியதே தவிர, சால் சீராகவில்லை.

உண்மையான காரணம் கலப்பையின் அடியில் இருந்தது. இறக்கைக் கலப்பை தன் எடையால் மண்ணுக்குள் போவதில்லை. கொழுவின் நுனி சற்றே கீழ்நோக்கி இருப்பதால் இழுக்க இழுக்க உள்ளே போகிறது. கொழு நுனியிலிருந்து, உழாத மண்ணோடு உரசிச் செல்லும் பக்கத் தகட்டின் பின்குதி வரை அடியில் ஒரு மட்டப்பலகையை வைத்தால், அந்த இரு முனைகள் மட்டுமே அதைத் தொட வேண்டும். கொழுவும் பக்கத் தகடும் சேரும் இடத்தில் சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும், 5 மி.மீ. அளவுக்கு இருந்தால் எனக்கு நிறைவாக இருக்கிறது. கலப்பையைச் சாய்த்துப் படுக்கவைத்து நான் பார்த்தபோது, பலகைக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம்கூடப் புகவில்லை. கொழுவின் நுனி கீழே குனிவதற்குப் பதிலாகத் தேய்ந்து உருண்டு மேல்நோக்கி வளைந்திருந்தது. குதியும் தேய்ந்து சாய்ந்திருந்தது. அப்படிப்பட்ட கொழு மண்ணைக் குத்தாமல் மண்ணின் மேல் சறுக்கத்தான் செய்யும். பக்கவாட்டிலும் இதே கணக்கு உண்டு: நுனி, பக்கத் தகட்டின் கோட்டைவிட்டு உழாத நிலத்தின் பக்கமாக ஒரு துளி வெளியே நிற்க வேண்டும். அது போய்விட்டால் சாலின் அகலம் தானாகக் குறுகும்.

என் கலப்பையின் கொழுக்கள் எஃகு என்பதால் உலையில் காய்ச்சி அடித்து நுனியை நீட்ட முடிந்தது. முதல் தடவை ஒரு தவறு செய்தேன்: செக்கச் செவேலென்று இருந்த நுனி முழுவதையும் அப்படியே நீரில் தோய்த்தேன். துவைச்சல், அதாவது நீரில் தோய்ப்பதால் ஏறும் கடினம், அளவுக்கு மீறிப் போய், மூன்றாம் நாள் புதைந்திருந்த ஒரு கல்லில் பட்டு விரல் அகலத்துக்கு முறிந்தது. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் பொடிமணலைப் போல இருந்தது. அடுத்த முறை விளிம்பை மட்டும் தோய்த்து, பிறகு மெல்லச் சூடேற்றிக் கடினத்தைத் தணித்த பின், அந்த நுனி இரண்டு பருவம் தாங்கியது. வார்ப்பிரும்புக் கொழு வைத்திருப்பவர்கள் இந்த வழிக்குப் போகவே கூடாது; அது சம்மட்டியடியில் விரிசல் விடும். 1803-இல் இங்கிலாந்தின் ராபர்ட் ரான்சம் காப்புரிமை பெற்ற வார்ப்புக் கொழுவில், வார்க்கும்போதே அடிப்பக்கம் விரைந்து குளிர்விக்கப்பட்டுக் கடினமாகும். மேற்பக்கம் மென்மையாக இருப்பதால் அதுவே முதலில் தேயும். எனவே உழ உழ விளிம்பு தானே கூர்மையாகும். அந்தக் கடினத் தோல் தேய்ந்து முடிந்தால் கொழுவை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கொழுவை மாற்றும்போது இரண்டையும் ஒருசேர மாற்றுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். இரண்டாம் ஆண்டில் முன் கொழுவை மட்டும் புதிதாகப் போட்டேன். மேடும் பள்ளமுமான வரிசைகள் மறுநாளே திரும்பி வந்துவிட்டன.

அடுத்தது சட்டம். கலப்பையைச் சமதளத்தில் நிறுத்தி, இரு கொழு நுனிகளிலிருந்தும் சட்டத்துக்கு உள்ள உயரத்தை அளந்தபோது 14 மி.மீ. வேறுபாடு தெரிந்தது. பின் கொழுவைச் சட்டத்தோடு தாங்கும் ஏர்க்கால் முறுகியிருந்தது. காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை: தடை மோதினால் தான் முறிந்து கலப்பையைக் காக்க வேண்டிய பாதுகாப்பு போல்ட்டின் இடத்தில், முன்பு வைத்திருந்தவர் முறியவே முறியாத கடின எஃகு போல்ட்டை மாட்டியிருந்தார். போல்ட் பிழைத்தது, ஏர்க்கால் வளைந்தது. பதப்படுத்திய எஃகாக இருந்தால் வெப்பம் அதன் வலிமையைக் கெடுத்துவிடும் என்பதால், சூடு காட்டாமல், சங்கிலியும் ஹைட்ராலிக் ஜாக்கியும் கொண்டு சிறிது சிறிதாக நிமிர்த்தினேன். வேறுபாடு 3 மி.மீ. ஆனதும் நிறுத்திக்கொண்டேன், மீதியை மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்தேன். இப்போது பாதுகாப்பு போல்ட் பருவத்துக்கு இரண்டு மூன்று முறியும். அதை நான் தொல்லையாகக் கருதவில்லை. கொழுவைப் பிடிக்கும் போல்ட்டுகளும் கலப்பைக்கென்றே செய்த, தலை உள்ளே புதையும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண அறுகோணத் தலை வெளியே நீட்டிக்கொண்டு மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

பழுது பார்த்த கலப்பையும் மட்டம் தவறினால் கெட்ட கலப்பையாகவே உழும். உழும்போது டிராக்டரின் வலப்பக்கச் சக்கரங்கள் சாலுக்குள் ஓடுவதால், வண்டி ஆழத்தின் அளவுக்குச் சாய்ந்து நிற்கும். கலப்பையோ தரைக்கு மட்டமாக இருந்தாக வேண்டும். இதற்காக இடப்பக்கச் சக்கரங்களின் அடியில் 20 செ.மீ. கனமுள்ள கட்டைகளைக் கொடுத்து, களத்திலேயே வலப்பக்கத் தூக்குக்கம்பியைத் திருகிச் சட்டத்தை மட்டமாக்குகிறேன். முன்பின் மட்டத்துக்கு டாப் லிங்க். கைகண்ட சோதனை ஒன்று உண்டு: சாலின் அடியில் பக்கத் தகட்டின் குதி பதிந்த தடம் மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். தடமே இல்லையென்றால் டாப் லிங்க் குட்டை, ஆழமாக அழுந்தியிருந்தால் நெட்டை. வயலில் கால் வைத்ததும் நான் குனிந்து பார்ப்பது இதைத்தான்.

முன் கொழு எடுக்கும் சாலின் அகலம் பிசகினால், பூட்டும் குறுக்குத் தண்டைச் சற்றே சுழற்ற வேண்டும். கலப்பையின் மூக்கு உழாத நிலத்தை நோக்கித் திரும்பினால் அகலம் கூடும், எதிர்ப்பக்கம் திரும்பினால் குறையும். பக்கச் சங்கிலிகளை இறுகக் கட்டி அகலத்தைத் திருத்தலாம் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். உழும்போது அவை தளர்ந்தே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கலப்பை தன் வழியைத் தேடிக்கொள்ள முடியாமல் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கு நிற்கும். கொழுவுக்கு முன்னால் மண்ணை வெட்டிச் செல்லும் வட்டமான வெட்டுத் தட்டுகளைப் பக்கத் தகட்டின் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக உழாத பக்கம் தள்ளி, உழவு ஆழத்தில் பாதிக்கு வைத்திருக்கிறேன். சால் சுவர் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறது. வைக்கோல் அடர்ந்து கிடக்கும் நிலத்தில் மட்டும் அவை அடைத்துக்கொள்கின்றன. அதற்கு இதுவரை நல்ல தீர்வு கிடைக்கவில்லை.

இறக்கைப் பலகையின் பளபளப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒட்டுகிற மண் வழுக்கிப் புரள வேண்டுமானால் பலகை கண்ணாடியைப் போல இருக்க வேண்டும். 1837-இல் ஜான் டீர் அமெரிக்கப் புல்வெளியின் பிசுபிசுத்த மண்ணுக்கு மெருகேற்றிய எஃகுக் கலப்பையைச் செய்ததும் இதற்காகத்தான். என் கலப்பையின் பலகைகள் துருவேறிச் சொரசொரத்துக் கிடந்தன. சாணைச் சக்கரத்தை வைத்துப் பள்ளம் பறித்துவிடாமல், எமரித் தாளால் மண் ஓடும் திசையிலேயே தேய்த்தேன். மீதியை மணற்பாங்கான நிலத்தில் இரண்டு நாள் உழுது மண்ணாலேயே மெருகேற்றினேன். அதன்பின் வேலை முடிந்த அன்றே கழுவித் துடைத்துக் கிரீஸ் பூசாமல் கலப்பையை விட்டதில்லை. நான்காம் ஆண்டில் ஒரு மழை வாரம் மட்டும் விடுபட்டது. அந்தத் துருவைப் போக்க முழுதாக ஒரு நாள் ஆயிற்று.

ஆறு ஆண்டுகளில் கொழுக்களை இரண்டு முறை காய்ச்சி அடித்தேன், ஒருமுறை இரண்டையும் புதிதாகப் போட்டேன். பக்கத் தகடுகளை ஒருமுறையும், வெட்டுத் தட்டுகளின் பேரிங்குகளை ஒருமுறையும் மாற்றினேன். முன்பு இரண்டாம் கியரில் திணறிய அதே நிலத்தில் இப்போது மூன்றாம் கியரில் உழுகிறேன். ஈரம் மிகுந்திருக்கும்போது மட்டும் இறக்குவதில்லை. பதம் தவறி உழுதால் சாலின் அடிமண் இறுகிப் பாளமாகிவிடும், அதை எந்தச் சீரமைப்பும் தடுக்காது.

பின் பலகையின் முன்விளிம்பு இப்போது மெலிந்துவிட்டது. மண் முதலில் மோதும் அந்த இடத்தில், சென்ற பருவத்தின் முடிவில், நகக்கண் அளவுக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன். அடுத்த உழவுக்கு முன் அந்த விளிம்புத் துண்டை மாற்றிவிட்டு, மட்டப்பலகையை எடுத்து மறுபடியும் அடியிலிருந்து அளக்கத் தொடங்க வேண்டும்.