பவளத்திட்டில் எந்தப் பாசி: கப்பாஃபைகஸா, யூக்கிமாவா, தானாய் வளர்வதா?

கடல் வற்றும்போது முழங்கால் ஆழத் தண்ணீரே எஞ்சும் வெப்பமண்டலப் பவளத்திட்டுகளில் சிவப்பு, பழுப்பு, பச்சை எனப் பல்வேறு இனக் கடற்பாசிகள் நெருங்கி வளர்கின்றன. ஆனால், பெரிய அளவில் விலைபோகிறவை அவற்றுள் மிகச் சிலவே. எனவே எதை வளர்ப்பது, எதை இயற்கையிலிருந்து எடுப்பது என்பதில்தான் வருமானமும் திட்டின் நலமும் அடங்கியுள்ளன.

சாகுபடியில் முன்னிற்பவை கப்பாஃபைகஸும் யூக்கிமாவும். இரண்டுமே உணவைக் கெட்டியாக்கவும் உறையவைக்கவும் பயன்படும் கராஜீனன் என்ற கூழ்ப்பொருளைத் தரும் சிவப்புப் பாசிகள். கப்பாஃபைகஸின் கப்பா வகை பொட்டாசியத்துடன் சேர்ந்து கெட்டியாக, ஆனால் எளிதில் உடையும்படி உறைகிறது. யூக்கிமாவின் அயோட்டா வகை கால்சியத்துடன் சேர்ந்து மென்மையாக, துவளும் கூழாகிறது. சந்தையில் பொதுவாக முன்னதற்கே கூடுதல் விலை. பிலிப்பைன்ஸில் 1970களின் தொடக்கத்தில் வணிகச் சாகுபடி வேரூன்றிய நாள்தொட்டு அடிப்படை முறை பெரிதும் மாறவில்லை: முளையடித்துக் கயிறு கட்டி, பாசித் துண்டுகளை அதில் முடிந்துவிட்டால் ஆறேழு வாரங்களில் அறுவடை செய்யலாம்; அறுத்ததில் ஒரு பங்கே அடுத்த நடவுக்கு நாற்றாகிறது.

இந்தச் சிக்கனமே அதன் பலவீனமும் ஆகும். தலைமுறை தலைமுறையாகத் துண்டிலிருந்தே பெருக்கப்படுவதால் வயல் முழுவதும் ஏறக்குறைய ஒரே மரபுக்கூறு கொண்டதாகிவிடுகிறது. தண்ணீர் சூடேறினாலோ உப்புத்தன்மை குறைந்தாலோ ஐஸ்-ஐஸ் எனப்படும் நோய் கிளம்புகிறது. கிளையின் நடுவே ஒரு பகுதி வெளுத்து மெத்தென்றாகி, அந்த இடத்திலேயே முறிந்து விழ, கயிற்றில் குட்டை முண்டு மட்டும் தொங்குகிறது. ஆழம் குறைந்த, வெயில் தாக்கும் திட்டுகளில் யூக்கிமா கப்பாஃபைகஸைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. 1989-ஐ ஒட்டிச் சாகுபடி தொடங்கிய தான்சானியாவின் சான்சிபார் தீவில் கப்பாஃபைகஸ் மீண்டும் மீண்டும் மடிந்துபோக, விவசாயிகள், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், விலை குறைந்த யூக்கிமாவையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். விலைப்பட்டியலை மட்டும் பார்த்து நாற்றுத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கப்பாஃபைகஸுக்கு எதிரான வலுவான வாதம் வேறொன்று. ஹவாயின் கானியோஹே விரிகுடாவில் 1970களில் கொண்டுவிடப்பட்ட இப்பாசி உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்தது; மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவிலும் அக்ரோபோரா பவளங்களை அது மூடியது பதிவாகியுள்ளது. அயல்நாட்டு இனமாக அது வரும் இடங்களில், கயிறு அறுந்து மிதக்கும் ஒரு துண்டே புதிய தொற்றுக்குப் போதும்.

தானாய் வளர்பவற்றுள் மரிக்கொழுந்துப் பாசிக்கே முதலிடம். ஜெலிடியெல்லா எனப்படும் இது சல்பேட் குறைந்த, உறுதியான அகார் என்ற உறைபொருளைத் தருகிறது. கஞ்சிப்பாசி விரைந்து வளர்ந்தாலும் அதன் அகாரின் உறுதியைக் கூட்டக் காரக் கரைசலில் பதப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆனால் மரிக்கொழுந்து மெல்ல வளர்வது. பவளக்கல்லில் ஊர்ந்து பற்றியிருக்கும் அடித்தண்டோடு பிடுங்கினால் கற்சில்லுகளும் சேர்ந்து வருகின்றன, அந்த இடம் மறுபடி தழைக்க நெடுங்காலம் ஆகும். மேற்பகுதியை மட்டும் கத்தரித்தால் அடித்தண்டு துளிர்க்கும். ஆல்ஜினேட் என்ற கெட்டியாக்கும் பொருளைத் தரும் பழுப்புப் பாசியான கட்டக்கோரை பருவத்தில் மிகுதியாகக் கிடைத்தாலும் விலையில் இவற்றுக்கு ஈடாகாது.

என் கணிப்பில், உயிருள்ள பவளம் அடர்ந்த திட்டில் கப்பாஃபைகஸுக்கு இடமே இல்லை. ஏற்கெனவே அது பரவியுள்ள கடலில், பவளத்திலிருந்து விலகிய மணற்பாங்கான ஆழத்தில் மிதவைகளில் கட்டுவதே தகும். ஆழமற்ற மணல்திட்டில், யூக்கிமா அப்பகுதிக்கே உரியதாயின், விலை குறைந்தாலும் அதையே தேர்வேன்.